குற்ற பயம்: டிவி பாதி, தெரு பாதி

அமெரிக்காவில் காலப் நிறுவனம் பல ஆண்டுகளாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறது. போன வருடத்தைவிட இந்த வருடம் நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? 1993-லிருந்து நடந்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவற்றில், பத்துப் பேரில் ஆறு பேராவது கூடியிருக்கிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். அதே காலத்தில் உண்மையில் நடந்தது வேறு. 1991-ல் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 758 வன்முறைக் குற்றங்கள் பதிவாயின. 2010-களின் நடுவில் அது 400-க்கும் கீழே வந்துவிட்டது. ஏறக்குறைய பாதி.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, ‘உங்கள் பகுதியில் எப்படி?’ என்று கேட்டால், கூடியிருக்கிறது என்பவர்களின் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. என் ஏரியா பரவாயில்லை, நாடுதான் கெட்டுவிட்டது என்பதுதான் பதிலின் சாரம். தன் ஏரியாவை ஒருவர் தினமும் நேரில் பார்க்கிறார். நாட்டைப் பார்ப்பது டிவியில். ஆகவே பழி டிவி மேல் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பழி எவ்வளவு தூரம் சரி என்று ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை ‘டிவி பார்த்தால் பயம் வரும்’ என்ற ஒற்றை வரியில் அடங்காது. அந்த ஒற்றை வரியை நம்பிவிட்டால், பயப்படுகிறவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிடுவோம். அது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஜார்ஜ் கெர்ப்னர். 1919-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். பாசிசம் தலையெடுத்த ஹங்கேரியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்து, பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் தகவல்தொடர்புப் பள்ளிக்கு 25 ஆண்டுகள் தலைவராக இருந்தார். 1968-ல் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும், வன்முறையின் காரணங்களை ஆராய அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு தேசிய ஆணையம் அமைத்தார். அந்த ஆணையத்துக்காக டிவியில் எவ்வளவு வன்முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் வேலையைக் கெர்ப்னரின் குழு செய்தது.

அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி, டிவி வன்முறையைப் பார்த்துப் பிள்ளைகள் அடிதடியில் இறங்குவார்களா என்பதுதான். கெர்ப்னர் அதைத் திருப்பிப் போட்டார். அடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தானே, பார்த்துப் பார்த்துப் பயந்து வீட்டுக்குள் சுருங்கும் கோடிக்கணக்கானவர்களின் கதி என்ன என்று கேட்டார். 1976-ல் லாரி கிராஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கேள்வி பிரபலமானது. ஒரு வாரத்தில் நீங்கள் ஏதாவது வன்முறையில் சிக்க எவ்வளவு வாய்ப்பு, பத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா? டிவி உலகத்தின்படி பத்தில் ஒன்று. நிஜத்தில் நூறில் ஒன்றுகூட அதிகம். தினமும் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பார்க்கிறவர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்கிறவர்களைவிட, டிவி உலகத்து விடையையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ‘யாரையும் நம்ப முடியாது’, ‘வாய்ப்புக் கிடைத்தால் ஏமாற்றிவிடுவார்கள்’ என்பது போன்ற வரிகளுக்கும் அவர்கள்தான் அதிகம் தலையாட்டினார்கள். உலகமே கெட்டது என்று தோன்றும் இந்த மனநிலைக்குக் ‘கொடிய உலக நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார் கெர்ப்னர்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. சிகாகோவைச் சேர்ந்த சமூகவியலாளர் பால் ஹிர்ஷ், கெர்ப்னர் பயன்படுத்திய அதே தேசியக் கணக்கெடுப்புத் தரவை எடுத்து மறுபடி அலசினார். வயது, படிப்பு, பாலினம், இனம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுத்தால் டிவிக்கும் பயத்துக்குமான தொடர்பு ஏறக்குறையக் கரைந்துபோகிறது என்று 1980-ல் எழுதினார். டிவியே பார்க்காதவர்கள், கொஞ்சம் பார்க்கிறவர்களைவிட அதிகம் பயந்தார்கள் என்பதும் அந்தத் தரவிலேயே இருந்தது. கெர்ப்னரின் கருத்து சரியென்றால் இது இப்படி வரக்கூடாது. பிரிட்டனில் மாலரி வோபர் செய்த ஆய்விலும் தொடர்பு தென்படவில்லை.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது கனடாவின் டொரொன்டோ நகரில் நடந்த ஆய்வு. அந்தோனி டூப், கிளென் மெக்டொனால்ட் இருவரும் 1979-ல் வெளியிட்டார்கள். அவர்களின் சந்தேகம் மிக எளியது. குற்றம் மலிந்த பகுதியில் இருக்கிறவர்கள் இருட்டினால் வெளியே போக மாட்டார்கள். வீட்டில் இருந்தால் டிவி ஓடும். அப்படியானால் டிவி அதிகம் பார்ப்பதற்கும் அதிகம் பயப்படுவதற்கும் காரணம் ஒன்றே, அவர்கள் இருக்கும் பகுதி. இதைச் சோதிக்க, காவல்துறைப் பதிவுகளின்படி குற்றம் அதிகமான, குறைவான பகுதிகளை நகரத்துக்குள்ளும் புறநகரிலும் தேர்ந்தெடுத்தார்கள். ஆக நான்கு வகைப் பகுதிகள். வீடு வீடாகப் போய், என்ன பார்க்கிறீர்கள், எவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

எல்லோரையும் ஒரே குவியலாகப் போட்டுப் பார்த்தபோது, கெர்ப்னர் சொன்ன தொடர்பு அப்படியே வந்தது. பகுதி பகுதியாகப் பிரித்ததும் பெரும்பாலும் மறைந்தது. சந்தேகம் ஊர்ஜிதமானது போலத்தான் இருந்தது. ஆனால் நான்கில் ஒரு பகுதியில் மட்டும் தொடர்பு மறைய மறுத்தது. அது நகரத்துக்குள் குற்றம் அதிகமாக இருந்த பகுதி.

டூப், மெக்டொனால்ட் ஆய்வைக் கெர்ப்னருக்கு எதிரான சாட்சியாகத்தான் பாடப் புத்தகங்கள் காட்டுகின்றன. அந்த ஒரு பகுதியின் முடிவு எனக்கு அதைவிட அதிகம் சொல்கிறது. வாசலில் பார்த்ததையே இரவில் டிவியும் காட்டும்போதுதான் அது உள்ளே இறங்குகிறது. கெர்ப்னரும் இதைப் பிடித்துக்கொண்டார். 1980-ல் தன் கருத்தைத் திருத்தி, வாழ்க்கை அனுபவமும் டிவியும் ஒன்றையொன்று உரக்கச் செய்வதை ‘ஒத்ததிர்வு’ என்று அழைத்தார். எதிராளிகள் இதைத் தப்பிக்கும் வழி என்றார்கள். எல்லா முடிவுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் எதையுமே தவறென்று நிரூபிக்க முடியாதே என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் உண்டு. ஆனாலும் பின்னால் வந்த ஆய்வுகள் அந்தத் திசையிலேயே போயிருக்கின்றன.

1990-களின் நடுப்பகுதிவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி மைக்கேல் மார்கனும் ஜேம்ஸ் ஷானகனும் ஒரு சராசரி எடுத்தார்கள். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு என்ற அளவுகோலில் விடை சுமார் 0.09. மிகச் சிறியது. ஆனால் சராசரிதானே அது. சிலருக்கு ஒன்றுமே செய்யாமல், சிலரை நன்றாக ஆட்டிவைக்கும் ஒன்றுக்கும் சராசரி இப்படித்தான் வரும். ஆகவே யாரை ஆட்டுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

குற்ற பயத்தை ஆராய்கிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே முட்டிக்கொண்ட ஒரு புதிர் இருக்கிறது. தெரு வன்முறையில் அதிகம் அடிபடுவது இளம் ஆண்கள். அதிகம் பயப்படுவதோ பெண்களும் வயதானவர்களும். இதைப் பார்த்துவிட்டு, பெண்களின் பயம் அறிவுக்குப் பொருந்தாதது என்று எழுதிவிட்டார்கள் சிலர். காவல்நிலையப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பேசினால் அப்படித்தான் தோன்றும். பேருந்தில் உரசியவன், பின்னாலேயே நடந்து வந்தவன், இரவில் போன் போட்டுப் பேசாமல் வைத்தவன், இவர்களில் எத்தனை பேர் பதிவேட்டில் ஏறுகிறார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் கென்னத் பெராரோ 1990-களில் இதை நன்றாக விளக்கினார். பெண்ணுக்கு எந்தக் குற்றமும் பாலியல் வன்முறையில் போய் முடியலாம். வீடு புகுந்து திருடுகிறவன் திருட்டோடு நிறுத்துவான் என்று அவள் நம்ப முடியாது. அந்தப் பயம் மற்ற எல்லாக் குற்றங்களின் மேலும் நிழல் போலப் படிகிறது. பாலியல் வன்முறை பற்றிய பயத்தைக் கணக்கில் சேர்த்ததும், மற்ற குற்றங்களில் ஆண் பெண் இடைவெளி பெரும்பாலும் காணாமல் போனது.

வயதானவர்கள் விஷயமும் இதேதான். இருபது வயதுப் பையனைத் தள்ளிவிட்டுப் பையைப் பிடுங்கினால் எழுந்து ஓடித் துரத்துவான். எழுபது வயதில் கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு. அதற்குப் பிறகு நடமாட்டமே போய்விடலாம். நடக்கும் வாய்ப்பு குறைவு, நடந்தால் இழப்பு பெரிது. இந்தக் கணக்கைப் போடுகிறவர் முட்டாள் இல்லை. தனியாக இருக்கிறவர்கள், வருமானம் குறைந்தவர்கள், அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாதவர்கள் ஆகியோரிடமும் பயம் கூடுதலாக இருக்கிறது. எரியாத தெருவிளக்கு, பூட்டிக் கிடக்கும் வீடு, மூலையில் கூட்டமாகக் குடிக்கிறவர்கள் போன்ற அடையாளங்கள் நிறைந்த இடங்களிலும் அப்படியே.

பல கணக்கெடுப்புகளின் அடிப்படைக் கேள்வி இது: ‘இரவில் உங்கள் பகுதியில் தனியாக நடந்துபோக எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்?’ இதில் குற்றம் என்ற சொல்லே கிடையாது. நம்மூரில் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள். நாய், மூடியில்லாத சாக்கடை, வேகமாக வரும் தண்ணீர் லாரி எல்லாம் வரிசையாக வரும். குற்ற பயம் என்று அளக்கப்பட்டதில் ஒரு பங்கு, அரசு கவனிக்காமல் விட்ட தெருவைப் பற்றிய புகார்தான்.

பேச்சும் ஒரு காரணம். வெஸ்லி ஸ்கோகனும் மைக்கேல் மேக்ஸ்பீல்டும் சிகாகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட முடிவில், டிவி, பத்திரிகைகளைவிட அக்கம்பக்கத்தாரின் பேச்சுதான் பயத்தைக் கூட்டியிருந்தது. தன்னைப் போன்ற ஒருவருக்கு நடந்தது என்று கேள்விப்பட்டால் இன்னும் அதிகம். எதிர்வீட்டு அம்மாவின் சங்கிலி போனது என்றால், சேனலில் வந்த நூறு சங்கிலிகளைவிட அது பெரிது.

இந்த இடத்தில்தான் ‘எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள்’ என்ற கேள்வி உதவாமல் போகிறது. சமையல் நிகழ்ச்சியும் கொலைச் செய்தியும் அதில் ஒரே மணி நேரம். எதைப் பார்க்கிறார், அது எங்கே நடந்தது, அதில் பாதிக்கப்பட்டவர் தன்னைப் போன்றவரா என்று பிரித்துக் கேட்ட ஆய்வுகள்தான் தெளிவைக் கொடுத்தன.

லிண்டா ஹீத் 1984-ல் பத்திரிகைச் செய்திகளை வைத்துக் கண்டது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. காரணமே இல்லாமல் யாரோ ஒருவர் தாக்கப்பட்டார் என்ற செய்தி உள்ளூரில் நடந்ததாக இருந்தால் வாசகர்களின் பயம் கூடியது. அதே மாதிரிச் செய்தி வெளியூரில் நடந்ததாக இருந்தால் பயம் குறைந்தது! எங்கோ எப்படி எப்படியோ நடக்கிறது, நம்ம ஊர் தேவலாம் என்ற ஆறுதல். குற்றச் செய்தி என்றாலே பயம் என்பது இல்லை என்றாகிறது. தூரம் முக்கியம்.

புளோரிடாவில் டெட் சிரிக்கோஸ் குழுவினர் செய்த ஆய்வுகளும் இதே பக்கம் போகின்றன. 1997-ல் வெளியான டாலஹாசி நகர ஆய்வில், டிவி செய்திக்கும் பயத்துக்குமான தொடர்பு நடுத்தர வயது வெள்ளைப் பெண்களிடம்தான் வலுவாக இருந்தது. செய்திகளில் பலியானவர்களாகக் காட்டப்படுகிறவர்களின் சாயல் தங்களிடம் இருப்பதாக அவர்கள் உணர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2000-ல் வெளியானதில், தேசியச் செய்திகளைவிட உள்ளூர் டிவி செய்திகளின் பாதிப்பு அதிகம். குற்றம் மலிந்த இடத்தில் வசிப்பவர்களிடமும் சமீபத்தில் தாங்களே பாதிக்கப்பட்டவர்களிடமும் அது இன்னும் அதிகம். டொரொன்டோவில் தொடர்பு மறைய மறுத்த அந்த ஒரு பகுதி இங்கே மறுபடி வருகிறது. 2003-ல் சாரா எஷ்ஹோல்ஸுடன் சேர்ந்து அவர்கள் கண்டது கசப்பானது. தங்கள் அக்கம்பக்கத்தில் கறுப்பினத்தவர் அதிகம் என்று எண்ணியவர்களிடம்தான் டிவி பயம் வேலை செய்தது. செய்தி எந்த முகத்தைக் குற்றவாளியாகக் காட்டிக் காட்டிப் பழக்கியதோ, அந்த முகம் தெருவில் தெரிந்தவுடன் பயம் வருகிறது.

கற்பனைக் கதைகளின் பங்கு வேறு மாதிரி. துப்பறியும் தொடர்களில் கடைசியில் குற்றவாளி பிடிபடுகிறான், அதனால் பயந்தவர்கள் ஆறுதலுக்காக அவற்றைத் தேடிப் பார்க்கலாம் என்று டோல்ப் ஜில்மன் வாதிட்டார். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பேட்ரிக் ஜேமிசனும் டேனியல் ரோமரும் 1972 முதல் 2010 வரை அமெரிக்க இரவு நேரத் தொடர்களின் வன்முறைக் காட்சிகளை எண்ணினார்கள். 1990-களின் நடுப்பகுதிவரை அவை குறைந்துகொண்டே வந்து, பிறகு மறுபடி ஏறின. இரவில் தனியாக நடக்கப் பயப்படுவோரின் விகிதமும் அந்த ஏற்ற இறக்கத்தோடு நகர்ந்தது. தங்கள் பகுதியில் குற்றம் கூடுகிறதா என்ற கணிப்பு மட்டும் தொடர்களோடு நகரவில்லை. கதை என்று தெரிந்தும் உடல் பயப்படுகிறது, புத்தி புள்ளிவிவரத்தை மாற்றிக்கொள்வதில்லை என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

புள்ளிவிவரத்தை மாற்றுவது செய்தி. 1992 மார்ச்சில் அமெரிக்காவின் தலையாய பிரச்சினை குற்றம் என்றவர்கள் 5 சதவீதம். 1994 ஆகஸ்டில் 52 சதவீதம். இடையில் குற்றங்கள் பத்து மடங்கு பெருகவில்லை, குறையத் தொடங்கியிருந்தன. இந்தத் தாவலில் உண்மையான குற்ற விகிதத்துக்கு இருந்த பங்கைவிட, தேசியச் சேனல்களின் செய்திகளுக்கு இருந்த பங்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2003-ல் டென்னிஸ் லவ்ரி குழுவினர் கணக்கிட்டார்கள். அதே 1994-ல்தான் கலிபோர்னியா மூன்றாவது குற்றத்துக்கு ஆயுள்வரை சிறை என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. கிளிண்டன் கூட்டாட்சிக் குற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சின்னத் திருட்டுக்காகப் பல பத்தாண்டுகள் உள்ளே போனவர்கள் உண்டு. பயம் தனி மனிதரின் மனதோடு முடிந்துபோகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நம் வீட்டு டிவிக்கு வருவோம். காலைச் செய்தியில் ஒரு சிசிடிவி காட்சி. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கில் மெதுவாக வருகிறார்கள். பின்னால் இருப்பவன் கை நீட்டுகிறான், அந்தப் பெண் தரையில் இழுபடுகிறார், பைக் மறைகிறது. சில நொடிகள்தான். சேனல் அதை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, பதைபதைக்கும் இசை சேர்த்து, திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஊர் பெயர் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். வாசல், கோலம், நைட்டி, கம்பிக் கதவு எல்லாமே பார்க்கிறவரின் வீட்டு வாசல் மாதிரியே இருப்பதால் ஊர் பெயர் மனதில் நிற்காது. ஹீத் சொன்ன தூரம் அங்கேயே பாதி அழிந்துவிடுகிறது.

மீதியை வாட்ஸ்அப் அழிக்கிறது. அந்தக் காட்சி, ஊர் பெயரும் தேதியும் வெட்டப்பட்டு, ‘நம்ம ஏரியாவில் உஷார்’ என்ற வரியோடு குடியிருப்புக் குழுவில் வந்து விழுகிறது. ஸ்கோகனும் மேக்ஸ்பீல்டும் தனித்தனியாக அளந்த டிவியும் அக்கம்பக்கப் பேச்சும் இப்போது ஒரே திரையில். அனுப்பியது எதிர்வீட்டு அம்மா, காட்டியது செய்தி சேனல். யார் நம்பாமல் இருப்பார்கள்?

2018-ல் இதன் உச்சத்தைப் பார்த்தோம். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வதந்தி பரவியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. அவர்களில் ஒரு மூதாட்டி அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கும்பல் அவரை அடித்தே கொன்றது. அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய கடத்தல் காணொளிகளில் ஒன்று, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். வேறு நாட்டில் நடித்து எடுத்த ஒன்று, இங்கே பக்கத்துத் தெருச் சம்பவமாகப் போனது. பயம் விழுந்த இடத்தையும் கவனியுங்கள். அடையாளம் தெரியாதவர், வேற்று மொழி பேசுகிறவர், வேலைக்கு வந்த வட மாநிலத்தவர் என்று முதலில் சந்தேகிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஊரோடு ஒட்டாமல் இருந்தவர்கள். புளோரிடாவுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

முன்பின் தெரியாதவனைப் பற்றிய பயம் இன்னொன்றையும் மறைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் ஒரு அட்டவணை வருகிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர். கொலைக்கான காரணங்களில் தகராறும் முன்விரோதமும்தான் முன்னால் நிற்கின்றன. நாட்டின் கொலை விகிதமோ 1990-களின் தொடக்கத்தில் இருந்ததில் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. இருந்தும் செய்தியைப் பார்த்துவிட்டு நாம் எடுக்கிற முடிவு, பெண் பிள்ளையின் டியூஷனை நிறுத்துவதும் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வா என்பதும்தான். ஆபத்து அதிகம் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, அவளுடைய நடமாட்டத்தில் கைவைக்கிறோம். பெண்கள் வெளியே குறையக் குறையத் தெரு இன்னும் வெறிச்சோடும், வெறிச்சோடிய தெருவில் அடுத்தவளுக்கும் பயம் கூடும்.

பிரிட்டனில் இந்தப் பிரச்சினையை 1980-களிலேயே அரசு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். 1984-ல் பிபிசி தொடங்கிய கிரைம்வாட்ச் நிகழ்ச்சி, தீராத வழக்குகளை நடித்துக் காட்டிப் பொதுமக்களிடம் துப்புக் கேட்டது. தொகுப்பாளர் நிக் ராஸ் ஒவ்வொரு முறையும், கெட்ட கனவு காணாமல் நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லித்தான் முடிப்பார். 1989-ல் உள்துறையின் கீழ் மைக்கேல் கிரேட் தலைமையிலான குழு, குற்ற பயத்தைத் தனிப் பிரச்சினையாக எடுத்து அறிக்கை கொடுத்தது. வழியனுப்பும் ஒரு வரியால் பயம் போய்விடாது. நம் சேனல்களில் அந்த ஒரு வரியைக்கூட நான் கேட்டதில்லை.

குற்றச் செய்தி போடாதீர்கள் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் மீதான குற்றங்கள் செய்தியானதால்தான் பல வழக்குகள் நகர்ந்திருக்கின்றன. கேட்பது வேறு. ஊர் பெயரையும் தேதியையும் காட்சியின் மேலேயே பெரிதாகப் போடலாம், வெட்டினால் காட்சியே வெட்டுப்படும்படி. இது அந்தப் பகுதியில் அடிக்கடி நடப்பதா, அபூர்வமா என்று ஒரு வரி சேர்க்கலாம். குற்றவாளிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் என்ன உறவு என்பது முதல் செய்தியிலேயே வரலாம், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்படாத அளவுக்கு. அந்த பைக்காரர்கள் பிடிபட்டு நகை மீட்கப்பட்டால், சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய அதே காலைச் செய்தியில் அதையும் காட்டலாம். இப்போது அது மாவட்டப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரியாக முடிந்துவிடுகிறது.